பிளக்க வராத மரம் இலவசமாகக் கிடைத்தால்: விறகுக்கு எடுக்கலாமா, விட்டுவிடலாமா?

விறகுக்கான மரம் தமிழ்நாட்டில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் மூன்று சந்தர்ப்பங்களில்தான்: புயலில் சாய்ந்தபோது, வீடு கட்ட மனையைச் சுத்தம் செய்யும்போது, காய்ப்பு நின்றுபோன தோப்பை அழிக்கும்போது. மூன்றிலும் நடப்பது ஒன்றே. கை பருமனிலிருந்து தொடை பருமன் வரையுள்ள கிளைகள் ஓரிரு நாளில் காணாமற்போய்விடும். அடிமரமும் கவையும் (கிளை பிரியும் இடம்) தூரும் (வேரை ஒட்டிய அடிப்பகுதி) மட்டும் வாரக்கணக்கில் கிடக்கும். "காசு வேண்டாம், இடம் காலியானால் போதும்" என்று உரிமையாளர் சொல்வது இந்த மிச்சத்தைத்தான். ஊரில் விறகு வெட்டிப் பிழைப்பவர்கள் பார்த்துவிட்டு விட்டுப்போன கட்டை என்பதே அதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதல் தகவல். அவர்கள் விட்டுப்போனதற்குக் காரணம் உங்களுக்கும் பொருந்துமா என்பதை மரத்தடியிலேயே நின்று, வண்டிக்குச் சொல்வதற்கு முன் தீர்மானிப்பதற்கான முறை கீழே தரப்பட்டுள்ளது.

1. மரம் யாருடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

தனியார் பட்டா நிலத்தில் நின்ற வேம்பு, மா, புளி போன்றவற்றுக்கு நிலத்தின் உரிமையாளர் சொல்வது பொதுவாகப் போதும். சாலையோரப் புளியமரம் அப்படியல்ல. அது நெடுஞ்சாலைத் துறைக்கோ ஊராட்சிக்கோ உரியது; அதன் மகசூலே ஏலத்தில் விடப்படுகிறது; விழுந்த மரமும் ஏலத்துக்கு உரியதுதான். அடிமரத்தில் பெயின்டால் எண் எழுதப்பட்டிருந்தால், எதிர்வீட்டுக்காரர் தந்த அனுமதிக்கு மதிப்பில்லை. சந்தனம், ஈட்டி ஆகியவற்றைக் கிளையளவுகூடத் தொட வேண்டாம். ஈட்டி மரத்துக்கென்றே 1994-இல் தனிச்சட்டம் வந்தது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதை 1955-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி தேவை என்று 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. ஐயம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வண்டியை வரச் சொல்லலாம்.

2. மர இனத்தைப் பாருங்கள்

ஈரம் முற்றிலும் நீங்கிய ஒரு கிலோ மரம், எந்த இனமானாலும், ஏறத்தாழ 4,500 கிலோகலோரி வெப்பம் தரும். சவுக்கு நன்றாக எரிகிறது, முருங்கை எரிவதில்லை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி எடை வேறுபாடுதான்: அதே அளவுள்ள துண்டில் சவுக்கில் இருக்கும் மரப்பொருள் முருங்கையில் இருப்பதைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆகவே பிளக்கக் கடினமான மரத்தில் கேட்க வேண்டிய கேள்வி, இவ்வளவு பாடுபட்ட பின் கையில் கனமான விறகு மிஞ்சுமா என்பதே.

புளி இந்தக் கேள்விக்கு ஆம் என்கிறது. பிளப்பது கொடுமை, ஆனால் பிளந்துவிட்டால் கனமான, நின்று எரியும், கங்கு தாங்கும் விறகு. வேம்பின் அடிமரமும் அந்த வகையே, சற்று இளக்கம். ஆனால் வேம்பை அடுப்பில் வைக்க மனம் ஒப்பாத வீடுகள் உண்டு என்பதால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டு ஏற்றுவது நல்லது. சீமைக் கருவேலத்தின் முண்டும் முடிச்சுமான அடிக்கட்டைகளும் உழைப்புக்கு ஈடானவை. தைலமரத்தைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். காயக் காய அதன் முறுக்கு இறுகிக் கோடாரியைத் திருப்பியனுப்பும்.

தூங்குமூஞ்சி மரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது தெருத்தெருவாகச் சாய்ந்து கிடந்த மரங்களில் இதுவும் ஒன்று. பருத்த அடிமரத்தைப் பார்த்தால் ஒரு வருட விறகு கிடக்கிறது என்று தோன்றும். வெட்டியவுடன் இருக்கும் கனத்தில் பெரும்பங்கு தண்ணீர். உலர்ந்தபின் நடுத்தர எடையே மிஞ்சும். நாரோ புளியைப்போலப் பின்னிக்கிடக்கும். கிளைகளை எடுக்கலாம், அடிமரத்தை, செயின்சாவும் ஆளும் கையோடு இருந்தால் ஒழிய, விட்டுவிடுவதே என் கணக்கு.

ஆல், அரசு, அத்தி வகைகள் பாலும் ஈரமுமாக இருக்கும். எளிதில் பிளக்க வராது, பிளந்தாலும் புகைதான் அதிகம். ஓமத்துக்கு அரச, அத்திச் சமித்துகள் வேண்டுமென்றால் குச்சிகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம், அது வேறு விஷயம். முருங்கை பருத்துத் தூணாகாது என்பார்கள், விறகாகவும் ஆகாது. அரளியை எந்த நிலையிலும் சமையல் அடுப்பில் வைக்கக் கூடாது. அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. தில்லை மரத்தின் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும்.

தென்னையைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபின், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதித் தோப்புகளில் தென்னைகள் எடுக்க ஆளின்றிக் கிடந்தன. தென்னைக்கு மற்ற மரங்களைப்போல வளையங்கள் கிடையாது. கடினமான நார்க்கட்டுகள் தண்டு முழுவதும் சிதறியிருக்கும். ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் மிகவும் தளர்வாகவும் இருக்கும். கோடாரி விழுந்தால் பிளவு ஓடாது, நசுங்கும். வெளிப்புறத்து நான்கு விரற்கடைப் பகுதி வாளால் அறுத்து எடுத்தால் விறகாகும், நடுச்சோறு ஆகாது. எடுக்க முடிவு செய்தால் விரைந்து எடுக்க வேண்டும், ஏனெனில் மட்கும் தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். வீட்டுப் பின்புறம் ஆறு மாதம் போட்டு வைத்தால் பக்கத்துத் தோப்புக்காரர் சண்டைக்கு வருவார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

3. நார் ஓட்டத்தைப் படியுங்கள்

ஒரே இனத்தில்கூட ஒரு கட்டை மடமடவென்று பிளக்கும், இன்னொன்று அசையாது. வேறுபாடு நார் ஓடும் திசையில் இருக்கிறது. சவுக்கில் நார்கள் ஏறக்குறைய நேராக மேலே ஓடுவதால், ஒரு முனையில் தொடங்கிய பிளவு மறுமுனை வரை தடையின்றிப் போகும். புளி, வேம்பு, தூங்குமூஞ்சி போன்றவற்றில் சில ஆண்டுகளின் வளர்ச்சி வலப்பக்கம் சாய்ந்து சுற்றும், அதற்கு மேல் வளரும் அடுக்கு இடப்பக்கம் சாய்ந்து சுற்றும், மீண்டும் வலம். இப்படி ஒன்றையொன்று குறுக்கே கட்டிக்கொண்ட அடுக்குகளை ஒரே கோட்டில் பிரிக்கும் வழி இல்லை. ஏதாவது ஓர் அடுக்கின் நார்களை அறுத்தே ஆக வேண்டும்.

இதை மரத்தடியிலேயே பார்த்துக் கண்டுபிடிக்கலாம். அறுத்த முகம் சில நாள் காய்ந்திருந்தால் அதில் வெடிப்புகள் தெரியும். நடுக்கண்ணிலிருந்து ஓரம் வரை நேராக, அகலமாக ஓடிய இரண்டு மூன்று வெடிப்புகள் இருந்தால் அந்தக் கட்டை உங்களுக்கு வழிவிடும். முகம் முழுவதும் மயிரிழை போன்ற சிறு வெடிப்புகள் மட்டுமே, அவையும் வளைந்து நின்றுவிட்டவை என்றால், பின்னிய நார். அடுத்துப் பட்டையைப் பாருங்கள்: பட்டையின் பள்ளங்கள் கட்டையைச் சுற்றிப் புரிபோல ஏறினால் உள்ளேயும் அதே முறுக்கு இருக்கும். பட்டை உரிந்த இடத்தில் கையால் தடவினால் கணுக்கள் தட்டுப்படும். ஓரடி நீளத்துக்குள் மூன்று நான்கு கணு இருந்தால் அந்தத் துண்டை ஒதுக்கிவிடலாம்.

சாலையோர மரமாக இருந்தால் ஆணியையும் தேட வேண்டும். விளம்பரத் தகடு, கொடிக்கம்பி, கல்யாண வரவேற்புத் தட்டி என்று ஆண்டாண்டாக அடித்த ஆணிகளை மரம் விழுங்கி, மேலே பட்டை மூடியிருக்கும். துவர்ப்பு மிகுந்த மரங்களில் இரும்பு பட்ட இடத்தைச் சுற்றி அறுத்த முகத்தில் கருநீலக் கறை தெரியும். அந்தக் கறையைக் கண்டால் செயின்சாவை அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்; ஓர் ஆணி போதும், சங்கிலியின் பற்கள் மழுங்கிவிடும், அறுக்க வந்தவர் அதன் செலவை உங்கள் கணக்கில்தான் எழுதுவார்.

4. எடையைக் கணக்கிட்டு, அதை எரிவாயுவோடு ஒப்பிடுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போகும் படி இது. முடிவு இங்கேதான் கிடைக்கிறது. ஒரு கயிறும் அளவு நாடாவும் போதும். அடிமரத்தின் சுற்றளவை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 12.57-ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். மர வியாபாரிகள் சுற்றளவில் கால்பங்கை எடுத்துப் பெருக்கும் பழைய கணக்கு உண்மையான கொள்ளளவில் 78 விழுக்காட்டை மட்டுமே காட்டும். பலகைக்கு அது சரி, விறகுக்கு முழுக் கொள்ளளவும் வேண்டும். பச்சை மரம் கன அடிக்கு ஏறத்தாழ 28 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

6 அடி சுற்றளவும் 8 அடி நீளமும் உள்ள ஒரு புளிய அடிமரத்தை எடுத்துக்கொள்வோம். ஆறை ஆறால் பெருக்கினால் 36, எட்டடி நீளத்துக்கு 288, 12.57-ஆல் வகுத்தால் 23 கன அடிக்குச் சற்றே குறைவு. எடை சுமார் 650 கிலோ. ஓரடித் துண்டங்களாக அறுத்தால் ஒவ்வொன்றும் 80 கிலோ, அதாவது இருவர் சேர்ந்து உருட்டக்கூடியது, ஒருவர் தூக்கக்கூடாதது. குட்டி யானை வண்டி முக்கால் டன்தான் தாங்கும் என்பதால் இந்த ஓர் அடிமரமே ஒரு நடை.

வெட்டியவுடன் எடையில் 45 விழுக்காடு ஈரம் இருந்து, அது 20 விழுக்காட்டுக்கு இறங்கினால், 650 கிலோவில் கையில் நிற்பது ஏறத்தாழ 450 கிலோ. அந்த நிலையில் ஒரு கிலோ சுமார் 3,500 கிலோகலோரி தரும். சாதாரண மண்ணடுப்பு அதில் 15 விழுக்காட்டைப் பாத்திரத்துக்குக் கொடுத்தால் பெரிது. 14.2 கிலோ எரிவாயு சிலிண்டரில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று அதிகமான கிலோகலோரி இருக்கிறது. கேஸ் அடுப்பு அதில் 60 விழுக்காடு அளவுக்குப் பயன்படுத்துகிறது. இரண்டையும் ஒப்பிட்டால் ஒரு சிலிண்டர் செய்யும் வேலைக்கு மண்ணடுப்பில் 175 கிலோ உலர்ந்த விறகு தேவைப்படும். அப்படியானால் அந்தப் பிரமாண்டமான அடிமரத்தின் முழு மதிப்பு இரண்டரை சிலிண்டர். 25 விழுக்காடு வெப்பத்தைப் பயன்படுத்தும் மேம்பட்ட அடுப்பு இருந்தால் நான்கு சிலிண்டர்.

இதன் எதிர்ப்பக்கத்தில் அறுவைக் கூலி, செயின்சா பெட்ரோல், ஏற்று இறக்குக் கூலி, வண்டி வாடகை, பிளக்கும் ஆள்கூலி ஆகியவற்றை உங்கள் ஊர் விலையில் எழுதிப் பாருங்கள். நேராகப் பிளக்கும் மரமாக இருந்தால் இரு தட்டும் சமமாக நிற்கக்கூடும். பின்னிய நார் உள்ள மரத்தில் பிளக்கும் கூலி மட்டும் இரு மடங்கு, மும்மடங்கு ஆகும்; எல்லா வேலையையும் கூலி கொடுத்துச் செய்வதானால், விறகுக் கடையில் பிளந்த விறகை எடைபோட்டு வாங்குவது மலிவாக முடியும். சொந்த வண்டி, சொந்த வாள், வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகள், அதற்கேற்ற உடம்பு ஆகிய நான்கில் குறைந்தது மூன்று உங்களிடம் இருந்தால் மட்டுமே இலவசம் இலவசமாக இருக்கும்.

பெரிய அடுப்பு வைத்திருப்பவர்களின் நிலை வேறு. கல்யாணச் சமையலின் கோட்டை அடுப்பு, நெல் அவிக்கும் அடுப்பு, செங்கல் சூளை இவற்றில் இடுப்பளவுக் கட்டையையும் பிளக்காமலே தள்ளலாம். அவர்களுக்குப் பிளக்கும் செலவே இல்லாததால், உங்களுக்கு ஆகாத கணக்கு அவர்களுக்கு ஆகும். கேட்டுப் பார்த்தால் அவர்களே வண்டியோடு வந்து, கிளைகளை உங்களுக்கு விட்டுவிட்டு அடிமரத்தைக் கொண்டுபோவார்கள்.

5. ஒரு துண்டத்தில் சோதித்துப் பாருங்கள்

கணக்கு எடுக்கலாம் என்று சொன்னால், முழு மரத்தையும் அறுக்குமுன் நடுப்பகுதியிலிருந்து முக்காலடி நீளத்தில் ஒரே ஒரு துண்டம் அறுத்து நிறுத்துங்கள். கவைக்கு அருகிலும் தூருக்கு அருகிலும் உள்ள துண்டம் நியாயமான சோதனையாகாது. முதல் அடியை நடுவில் போடாமல், ஓரத்திலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளி, வளையத்துக்கு இணையாகப் போடுங்கள். நடுக்கண்ணைக் குறிவைத்து அடிப்பது பழக்கத்தால் வருவது. பெரிய கட்டையில் அது வீண்.

என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். நான்கைந்து அடிகளுக்குள் ஓரம் சிம்பாகப் பெயர்ந்து வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கோடாரி இறங்கி மாட்டிக்கொண்டு, ஆட்டி எடுத்தபின் வெட்டிய வாய் மட்டும் தெரிந்து பிளவு ஓடவில்லை என்றால், இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் இறக்குங்கள். புளியில் இந்தக் கட்டம் ஒரு காட்சி: ஆப்பு முழுவதும் உள்ளே போய்விடும், பிளவு இரண்டு விரல் அகலத்துக்கு வாய் திறக்கும், ஆனால் உள்ளே வெளிறிய மஞ்சள் நார்கள் இரு பாதியையும் பாலம்போலக் கட்டிப் பிடித்திருக்கும், அரிவாள் நுனியை விட்டு ஒவ்வொன்றாக அறுத்தால்தான் பாதி விழும். இரண்டு ஆப்பும் கால் மணி நேரமும் போன பின்னும் துண்டம் ஒன்றாகவே நின்றால், மற்ற துண்டங்களும் அப்படித்தான் இருக்கும். இங்கே நிறுத்துவதில் வெட்கமில்லை. இதுவரை ஆன செலவு ஓர் அறுப்பு மட்டுமே.

6. எடுத்துவிட்டால் பிளக்கும் முறை

நீளத்தைக் குறைப்பதே முதல் உத்தி. ஒன்றேகால் அடித் துண்டத்தில் பிடிவாதம் பிடிக்கும் நார், முக்காலடியில் பாதி பிடிவாதத்தை விட்டுவிடும். அறுப்புகள் கூடும், ஆனால் பின்னிய மரத்தில் அறுப்பதே பிளப்பதைவிட மலிவு. துண்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, ஓரத்திலிருந்து சிம்பு சிம்பாகப் பெயர்த்து, கடைசியில் மிஞ்சும் நடுத்தண்டை முடிந்தால் இரண்டாக்குங்கள், இல்லையேல் அப்படியே விடுங்கள். கவைக் கட்டையில் இரு கிளைகளின் நடுக்கண்களையும் இணைக்கும் கோட்டில் ஆப்பை வைக்க வேண்டும். இரண்டு கிளைக்கும் நடுவே குறுக்காக அடித்தால் பின்னலின் மிகக் கடினமான இடத்தோடு மோதுகிறீர்கள்.

எதற்கும் அசையாத கட்டையைப் படுக்கவைத்து, பட்டைப்பக்கத்திலிருந்து நார் ஓடும் போக்கிலேயே செயின்சாவால் பாதி ஆழம் அறுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் ஆப்பை இறக்கலாம். தூளுக்குப் பதிலாக நீள நீளமான சுருள்கள் வரும். அவை வாளின் மூடியை அடைத்துக்கொள்ளும் என்பதால் அடிக்கடி நிறுத்தி எடுக்க வேண்டும். சுருள்களைக் காயவைத்தால் அடுப்புப் பற்றவைக்க உதவும்.

ஆப்பின் தலை சம்மட்டி பட்டுப் பட்டு காளான்போல விரிந்திருந்தால் அரைத்துச் சமப்படுத்திய பிறகே பயன்படுத்துங்கள். அந்த விளிம்பிலிருந்து தெறிக்கும் இரும்புச் சில்லு கண்ணைப் பறித்துவிடும். கண்ணாடி இல்லாமல் ஆப்பு அடிக்க வேண்டாம். புயலில் சாய்ந்த மரத்தில் வளைந்து முறுக்கேறி நிற்கும் கிளைகளை அனுபவமுள்ளவரைக் கொண்டே அறுக்க வேண்டும்.

பிளந்தவற்றை மணிக்கட்டு பருமன் முதல் கைப்பருமன் வரை ஆக்கி, தரையில் படாமல் இரண்டு கழிகளின் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களை மூடினால் காற்று போகாது. வடகிழக்குப் பருவமழையில் சாய்ந்த மரத்தை தையில் பிளந்துவிட்டால் சித்திரை வெயில் முடிவதற்குள் எரிக்கலாம். பட்டையோடு பிளக்காமல் விட்ட புளிய உருளை அடுத்த மழை வரையிலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

7. எடுக்காத கட்டைக்கு வேறு ஆள் உண்டு

பிளக்க வராத அதே குணத்துக்காகவே புளிய மரத்தை இறைச்சிக் கடைக்காரர்கள் தேடுகிறார்கள். நார் பின்னிக்கிடப்பதால்தான் நாள் முழுதும் கத்தி விழுந்தாலும் கறி வெட்டும் கட்டை இரண்டாகப் போவதில்லை. வெடிப்பில்லாத, ஆணியில்லாத, ஓரடி உயரமுள்ள பருத்த துண்டம் உங்களிடம் இருந்தால், அதை விறகாக்க ஒரு காலைப் பொழுதைச் செலவிடுமுன் ஊரிலுள்ள கடைகளில் விசாரித்துவிடுங்கள். விறகு விலையில் அதைப் போடுவது நட்டம். முதிர்ந்த புளியின் வைரம், அதாவது கருஞ்சிவப்பான நடுக்கட்டை, செக்குக்கும் உலக்கைக்கும் போகும். வாகையாக இருந்தால் மரச்செக்கு செய்பவர்கள் கேட்பார்கள். சீமைக் கருவேலத் தூர்களை ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கங்களில் கரிமூட்டம் போடுபவர்கள் வாங்குவார்கள். மூட்டத்தில் கட்டை பிளந்திருக்க வேண்டும் என்பதில்லை, மண்ணால் மூடி நாட்கணக்கில் புகைய விடுவதால் முண்டும் முடிச்சும் கரியாகிவிடும்.

இவர்களில் யாரும் வரவில்லை என்றால், கிளைகளையும், பிளக்காமலே அடுப்பில் நுழையக்கூடிய ஓரடிச் சுற்றளவு வரையிலான கட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, அடிமரம் வேண்டாம் என்று உரிமையாளரிடம் அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். "அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வராமலிருந்தால், அடுத்த முறை அவர் தோப்பில் சவுக்கு வெட்டும்போது உங்களுக்குச் சொல்லியனுப்ப மாட்டார்.